வாசலில் ஏழு ஜோடி

என்னுடைய முதல் லெதர் ஷூவை அப்பா கையில் வாங்கிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1991-ம் வருஷம். சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு. அதற்காக 340 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். கறுப்பு நிறம், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. அப்பா விலை கேட்கவில்லை. போட்டுக் காட்டு என்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி, ஷூவில் விரல்கள் மடங்குகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நல்ல தோலாக இருந்தால் அழுத்துகிற விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் கோலம் போட்டதுபோல ஓடும். இதில் ஒன்றும் ஓடவில்லை. அழுத்தினால் குழிந்தது, எடுத்தால் நிமிர்ந்தது. தையலை ஒட்டியிருந்த வெட்டு விளிம்பை நகத்தால் ஒருமுறை கீறினார்.

"ஸ்பிலிட்டுப்பா இது. மேல பெயிண்டு குடுத்துக்கீறான். மூணு மாசம் தாங்கும்" என்றார்.

மூன்றாவது மாதம் இடது ஷூ அவர் அழுத்திய அதே இடத்தில் வெடித்தது. மேலே பூசியிருந்த படலம் செதில் செதிலாக உரிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி நார் தெரிந்தது.

மாட்டுத்தோல் தடிமனானது. அதை எந்திரத்தில் கொடுத்து இரண்டு அடுக்காகப் பிளப்பார்கள். மயிர்க்கால்கள் இருக்கிற மேலடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். பலம் எல்லாம் அங்கேதான். கீழடுக்குதான் ஸ்பிலிட். அதற்கும் நியாயமான உபயோகங்கள் உண்டு. ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் படலத்தை ஏற்றி, போலியாக மயிர்க்கால் அச்சையும் குத்தி, முழுத்தோல் என்று விற்பது ஏமாற்று. கடைக்காரர் சொன்னதை நம்பிய எனக்கு அன்றைக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர் அவர்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரை வழித்து, சதையைச் சீவி, பட்டைத் தண்ணீரில் குழி மாற்றிக் குழி மாற்றி வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். பிறகு குரோம் வந்தது. டிரம்மில் சுற்றினால் ஒரு நாளில் தோல் நீல நிறமாக வெளியே வரும். இரண்டு காலத்திலும் அப்பா வெறுங்காலோடு நின்றார். சுண்ணாம்பு அரித்து அரித்து அவருடைய பாதத்தின் தோல் வெடித்துத் தடித்துப்போயிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து, பெருவிரலின் அடி எலும்பு பக்கவாட்டில் புடைத்து நின்றது.

அந்தக் காலில் செருப்பு போட்டுக்கொண்டு அவர் ஊர்த்தெருவில் நடக்க முடியாது. எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். தெரு முனை வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி, துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொள்வார். மறுமுனைக்குப் போனதும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள் கிடந்தன. அவற்றில் எத்தனை அவர் ஷாப்பில் பதனிட்ட தோலோ! எனக்கு ஷூவின்மேல் இத்தனை பிடிப்பு வந்ததற்கு அந்தத் துண்டுதான் காரணம். முப்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தவன் என்று நண்பர்கள் சொல்லும்போது இந்தக் காரணத்தை நான் மறைத்ததில்லை.

நேர்முகத் தேர்வில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஒருவிதத்தில் நல்லதாயிற்று. கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, 1957-லிருந்து நடக்கிறது. அங்கே சேர்ந்தேன். அங்கேதான் 'லாஸ்ட்' என்பதை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாதத்தின் வடிவில் கட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த அச்சு. ஷூ என்பது அந்த அச்சின்மேல் இழுத்துப் போர்த்திய தோல். வெளியே எவ்வளவு அழகாகத் தைத்தாலும், உள்ளே இருந்த லாஸ்ட் நம் காலுக்குப் பொருந்தாததாக இருந்தால் அந்த ஷூ நமக்கு ஆகாது. கடையில் நாம் நிறத்தையும் மூக்கின் வடிவையும் பார்க்கிறோம். அந்த ஷூ வெளியே வந்த லாஸ்டை யாரும் நமக்குக் காட்டுவதில்லை.

தோலை லாஸ்டின்மேல் இழுத்து மடித்து அடியில் பிடித்துவைக்கிற வேலைக்கு லாஸ்டிங் என்று பெயர். ஷூ செய்வதில் கடினமான கட்டம் அதுதான். வெகுகாலம் அதைக் கையால்தான் செய்தார்கள். தேர்ந்த ஆளால் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடிதான் முடியும். சூரினாம் நாட்டில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரத்துக்கு வந்து சேர்ந்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, பகலில் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு இரவில் மாதிரிகளைச் செய்து செய்து பார்த்து, 1883-ல் அதற்கான எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் முடிந்தன. ஷூவின் விலை சாதாரண மனிதனுக்கு எட்டியது. ஆறு வருஷத்தில், முப்பத்தேழு வயது முடிவதற்குள், காசநோயில் போய்விட்டார். வகுப்பில் அவர் கதையைக் கேட்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அளவுக் கணக்கும் அங்கே படித்ததுதான். ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம். பழைய காலத்து ஒரு பார்லி மணியின் நீளம். பிரெஞ்சு அளவில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். இரண்டுமே நீளக் கணக்கு. அகலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, ஆனால் நம் கடைகளில் அதை யாரும் கேட்பதில்லை, வைத்திருப்பதும் இல்லை. கால் அகலமாக இருக்கிறவன் ஒரு எண் கூட்டி வாங்குகிறான். முன்னால் இடம் காலியாகக் கிடக்கிறது, குதிகால் கழன்று கழன்று வருகிறது, சோல் மடங்குகிற இடமும் விரல் மடங்குகிற இடமும் வேறு வேறாகிவிடுகின்றன. பாதி ஷூக்கள் இப்படித்தான் அற்ப ஆயுசில் சாகின்றன.

பயிற்சி முடித்து ஆம்பூருக்குத் திரும்பி, ஏற்றுமதிக்கு ஷூ செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். தையல் பகுதி முழுக்க அவர்கள்தான். ஐரோப்பாவில் ஒருவர் மாலை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவின் மேல்பாகம், குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து டிபன் கேரியரோடு வருகிற ஒரு அக்காவின் கையில் உருவானது. அங்கே கறுப்பு டெர்பி ஒன்று ரிஜெக்ட்டில் கிடைத்தது. வலது காலில் ஒரு தையல் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது, அவ்வளவுதான். கன்றுத்தோல். அப்பாவிடம் கொண்டுபோனேன். அழுத்தினார், சுருக்கம் ஓடியது. "இத வெச்சிக்க" என்றார்.

அதுதான் என் சேகரிப்பின் முதல் ஜோடி. வெடித்துப்போனதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆண்களுக்கான ஷூ என்று எதை எடுத்துப் படித்தாலும் கறுப்பு ஆக்ஸ்போர்டிலிருந்து ஆரம்பி என்றுதான் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆக்ஸ்போர்டில் கயிறு கட்டும் பக்கங்கள் இரண்டும் முன்தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருக்கும், ஓரளவுக்குமேல் விரியாது. டெர்பியில் அந்தப் பக்கங்கள் முன்தோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கதவு மாதிரி திறக்கும். சின்ன வயசில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பாதம் முன்பக்கம் அகன்று, மேலே உயர்ந்து இருக்கும். அதற்கு டெர்பிதான் சரி. சாயங்காலம் கால் வீங்கும்போது கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அலுவலகம், கல்யாண வரவேற்பு, துக்க வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஜோடியோடு நான்கு வருஷம் ஓட்டினேன்.

இரண்டாவதாக வந்தது லோஃபர். நம் வாழ்க்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் கழற்றுகிறோம், நண்பர் வீட்டில் கழற்றுகிறோம், கோயிலில், பள்ளிவாசலில், டாக்டரின் அறைக்கு வெளியே, சில கடைகளில்கூடக் கழற்றுகிறோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கயிறு கட்டி அவிழ்க்கிறவன் பதினோராவது தடவை குதிகாலை மிதித்துக்கொண்டு உள்ளே நுழைவான். ஷூவின் பின்பக்கம் மடிந்து நாசமாகும். குதிகாலில் உள்ளே வைத்திருக்கும் அந்த விறைப்பான துண்டு ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். நார்வே நாட்டு விவசாயிகள் மாட்டிக்கொண்டிருந்த ஒரு மாடலைப் பார்த்து அமெரிக்காவில் பாஸ் கம்பெனி 1936-ல் லோஃபரை விற்க ஆரம்பித்தது. ஆனால் அது எங்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. பழுப்பு நிறத்தில் வாங்கினேன். அதன் உள்பக்கம் ஆட்டுத்தோல் லைனிங். சாக்ஸ் இல்லாமல் காலை விட்டாலும் வழுக்காது, வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்.

வேட்டிக்கு எதைப் போடுவது என்பதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. வேட்டிக்குக் கீழே ஷூவைப் பார்த்தால் எனக்குக் கண் உறுத்தும். பட்டையில் பதனிட்ட தோலில் செய்த செருப்பு, பெருவிரல் வார் வைத்தது, அதுதான். புதிதில் மரக்கட்டை மாதிரி இருக்கும். பத்து நாள் கடிக்கும். பிறகு பாதத்தின் பள்ளம் மேடெல்லாம் அதில் பதிந்து, இன்னொருவர் காலுக்கு ஆகாததாகிவிடும். விளக்கெண்ணெயை மாதம் ஒருமுறை விரல் நுனியால் தடவுவேன். அந்தச் செருப்பை நான் எந்தத் தெருவிலும் கழற்றிக் கையில் எடுத்ததில்லை.

வேலை உயர்ந்தது, சம்பளம் உயர்ந்தது, சேகரிப்பு தாறுமாறாக வளர்ந்தது. ஒரு கட்டத்தில் பத்தொன்பது ஜோடி. மங்க் ஸ்ட்ராப், சூயிட், கணுக்காலுக்குமேல் ஏறும் பூட்ஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். சூயிட் வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. பூட்ஸை வேலூர் வெயிலில் போட முடியவில்லை. மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் வெள்ளைப் பூஞ்சை.

2007-ல் என் தங்கை கல்யாணம். பெட்டியிலேயே பத்திரமாக ஐந்து வருஷம் வைத்திருந்த ஒரு ஜோடியை அன்றைக்கு எடுத்து மாட்டினேன். ஒருமுறைகூட வெளியே போட்டதில்லை. மண்டபத்தின் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நான்கு அடி எடுத்து வைத்ததும் காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் சோல் கேக் மாதிரி உதிர்ந்து தரையில் கிடந்தது. பாலியூரித்தேன் சோல். காற்றில் இருக்கிற ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருக்கும். போட்டு நடந்தாலும் இது நடக்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் பூட்டிவைத்தால் இன்னும் மோசம். தரம் பார்க்கிற வேலையில் இருந்த எனக்கு இது பாடமாகத் தெரியும், என் அலமாரிக்குள் நடக்கும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு முழுக்க வெறுங்காலோடு பந்தி பரிமாறினேன். அடுத்த வாரமே பாதிக்குமேல் தம்பிகளுக்கும் கம்பெனிப் பையன்களுக்கும் கொடுத்துவிட்டேன்.

குறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பாலாறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷத்திலிருந்து உப்புக் கரிக்க ஆரம்பித்தது என்று அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்வார். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கெட்ட நிலம் கெட்டதாகவே பல இடங்களில் கிடக்கிறது. எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தோல்தான். எங்கள் தண்ணீரைக் கெடுத்ததும் அதுதான். இதில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட என்னால் முடியாது. இத்தனை விலை கொடுத்து வந்த தோலை ஆறு மாதத்தில் குப்பையில் போடுகிறவனைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால்தான் வெல்ட் தையல் போட்ட ஷூ ஒன்றுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்தேன். மேல்தோலையும் உள்சோலையும் சுற்றிலும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு அடிச்சோலைத் தனியாகத் தைப்பது. ரப்பருக்குப் பேர்போன சார்லஸ் குட்இயரின் மகன் இதற்கான எந்திரத்தை 1871 வாக்கில் கொண்டுவந்தார். அவர் குடும்பப் பேர்தான் இந்தத் தையலுக்கு இன்றும். ஒட்டுப்போட்ட ஷூவில் சோல் தேய்ந்தால் கதை முடிந்தது. இதில் அடிச்சோலை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைக்கலாம். அடர்ந்த பழுப்பில் ஒரு டெர்பி. பதினாறு வருஷத்தில் இரண்டு தடவை சோல் மாற்றியிருக்கிறேன். மேல்தோல் இப்போதுதான் நல்ல நிறத்துக்கு வந்திருக்கிறது.

இப்போது வாசலில் ஏழு ஜோடி. கறுப்பு டெர்பி, அந்தப் பழுப்பு டெர்பி, லோஃபர், செருப்பு, நடைப்பயிற்சிக்கு ஒன்று, ஜீன்ஸுக்கு ஒரு வெள்ளைத் தோல் ஷூ, மழைக்கு ஒரு ரப்பர் செருப்பு. எந்தத் தோல் ஷூவையும் அடுத்தடுத்த நாள் போடுவதில்லை. ஒரு நாள் போட்டால் உள்ளே இறங்கிய வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும். கழற்றியதும் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷ்ஷால் தூசு தட்டி, ஈரத்துணியால் துடைத்து, பாலிஷைக் கொஞ்சமாகத் தடவி, காயவிட்டு, பிறகு தேய்ப்பேன். பாலிஷை அப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பளபளப்பு வருவது பிரஷ்ஷில்தான்.

அப்பாவுக்கு ஒரு ஷூ செய்ததைச் சொல்ல வேண்டும்.

1999-ல் அவர் வேலையிலிருந்து நின்றபோது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் கம்பேனி ஷூ மாதிரி ஒண்ணு" என்றார். கம்பெனியில் இருந்த எந்த அளவும் அவர் காலுக்குச் சேரவில்லை. நீளத்துக்கு ஏழு சரி, அகலத்துக்குப் பத்தும் போதவில்லை. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் பாயிடம் சொன்னேன். "கூட்டியா தம்பி, பாத்துக்கலாம்" என்றார்.

பாய் ஒரு பழைய கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, அதன்மேல் அப்பாவை நிற்கச் சொன்னார். பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். விரல் முட்டியில், பாதத்தின் நடுவில், கணுக்காலுக்கு முன்னால் என்று டேப்பைச் சுற்றி அளந்தார். அப்பா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். தன் காலை இன்னொருவர் தொடுவது அவருக்குப் பழக்கமில்லை. பாய் அந்தக் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "சும்மா இருங்க அண்ணே" என்றார்.

ஏழாம் எண் லாஸ்ட் ஒரு ஜோடி எடுத்தார். அப்பாவின் எலும்பு புடைத்திருந்த இடங்களில் தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். விளிம்புகளைச் சீவி, ராவி, தடவிப் பார்த்து, மறுபடி ஒட்டினார். வலது பக்கம் மூன்று துண்டு, இடது பக்கம் நான்கு. அதன்மேல் கறுப்புத் தோலில் டெர்பி. ஷூ கைக்கு வந்ததும் அப்பா முதலில் செய்தது கட்டைவிரலால் அழுத்தியதுதான். பிறகு உள்ளே மோந்து பார்த்தார். "உள்ள பட்டைத்தோலு போட்டுக்கீறார் பாய்" என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. அந்த ஷூவை அவர் பதினோரு வருஷம் போட்டார். கல்யாணம், காதுகுத்து, ஓட்டுப் போடுகிற நாள். அந்தத் தெருவிலும் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடையாற்றில் 1948-லிருந்து இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சில வருஷங்களுக்கு முன்னால் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்குமேல் பாதங்களை எந்திரத்தில் அளந்தது. நம் பாதங்கள் வெள்ளைக்காரர்களின் பாதங்களைவிட அகலம் என்று தெரிந்து, இந்தியர்களுக்கென்று தனி அளவு முறையை முன்வைத்தார்கள். அதற்குப் 'பா' என்று பெயர், பாரதத்தின் முதல் எழுத்து. செய்தியைப் படித்ததும் எனக்குப் பாய் விரித்த கணக்கு நோட்டுத் தாள்தான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் என் கறுப்பு டெர்பி கடிக்க ஆரம்பித்தது. இத்தனை காலம் பொருந்தியிருந்த ஷூ. வயசானால் பாதத்தின் வளைவு தாழும், முன்பக்கம் அகலும், என் பெருவிரலின் அடி எலும்பும் புடைக்க ஆரம்பித்திருந்தது. பாய் இப்போது கம்பெனிக்குப் போவதில்லை. வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்ன அறையில் வேலை செய்கிறார். புதிதாக ஒரு ஜோடி செய்ய வேண்டும் என்று போனேன். தாளைப் போட்டு நிற்கவைத்துக் கோடு இழுத்தார். கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து பரண்மேல் கைவிட்டுத் துழாவி, தூசு படிந்த ஒரு ஜோடி லாஸ்டை எடுத்துத் துடைத்தார். தோல் துண்டுகள் ஒட்டியபடியே இருந்தன.

தாளின்மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். இடது லாஸ்டைத் திருப்பி, விளிம்பில் கத்தியின் முனையைக் கொடுத்தார்.

"ஒரு துண்டு எடுத்தா போதும் தம்பி."